பதினெட்டாம் இழை காலியில்லை

ரூலீனுக்குக் கை நடுங்காது. ஐம்பத்தாறு வயதாகியும் நடுங்கவில்லை. போனது முழங்கால்கள்தான். இருபத்தேழு வருடங்களாகச் சாலையோரக் குழிகளில் மண்டியிட்டு, தலைமயிர் அளவே உள்ள கண்ணாடி இழைகளை முனையோடு முனை பொருத்தி உருக்கி ஒட்டிவந்தவள். டெல்ஃப்ட் நகரில் ஒருவர் தொலைபேசியில் பேசினாலும் படம் பார்த்தாலும் அந்த வெளிச்சம் எங்கோ ஓரிடத்தில் அவள் போட்ட ஒட்டைக் கடந்துதான் போகும். இதை அவள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. கணவன் ஓட்டோவிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அவன் டிராம் ஓட்டுகிறவன்.

"அப்ப நீயும் நானும் ஒரே வேலைதான் பாக்குறோம்," என்றான் அவன். "ஏத்தி எறக்கி விடுறோம். யாரு என்னன்னு கேக்குறதில்ல."

அவனுக்காகத்தான் இருபத்தோரு வயதில் வடக்கேயுள்ள அஸ்ஸெனிலிருந்து டெல்ஃப்டுக்கு வந்தாள். எட்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை மாட்டுவது. பிறகு ஒரு கேபிள் நிறுவனம் பொறுமையும் நடுங்காத கையும் உள்ளவர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. நேர்காணலில் ஒருவன் மேசையைக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஊசியில் நூல் கோக்க வேண்டும். ஐந்து முறை கோக்கச் சொன்னார்கள், ஐந்து முறையும் கோத்தாள். உதைத்தவன்தான் ஹார்மென். அன்று முதல் அவளோடு வேலை பார்க்கிறான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பெரிய தவறு செய்தாள். காலி என்று நினைத்து ஓர் இழையை வெட்டிவிட்டாள். அது ஆம்புலன்ஸ் அழைப்புக்கான இழை. நாற்பது நிமிடம் மாவட்டம் முழுக்க அந்த எண் ஊமையாகக் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை மூன்று மருத்துவமனைகளுக்கும் சைக்கிளில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திரும்பி வந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பணிமனைச் சுவரில் ஒட்டினாள்.

கை வைக்கும் முன் கவ்வி வை.
வெளிச்சம் தெரிந்தால் கையை எடு.
இருட்டாக இருந்தாலும் நம்பாதே. நான்கு வெவ்வேறு வாரங்களில் பார்.
நான்கு முறையும் இருட்டு என்றால் வெட்டு.

கவ்வி என்பது உள்ளங்கையில் அடங்கும் கருவி. இழையை நடுவில் பிடித்து லேசாக வளைக்கும். வளைந்த இடத்தில் வெளிச்சம் துளி கசியும். கசிந்தால் பச்சை விளக்கு எரியும். அந்த அளவு கசிவதைச் சாதாரண இழை ஒரு பொருட்டாக நினைக்காது. ஆகவே கவ்விப் பார்ப்பது யாருக்கும் தொந்தரவில்லாத, மரியாதையான பழக்கம். கதவைத் தட்டிவிட்டு நுழைவதுபோல. அந்தத் தாள் பழுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பத்து வருடமாகக் கழிப்பறைக் கதவுக்கு எதிரே தொங்குகிறது. பணிமனையில் அதற்கு ரூலீன் சட்டம் என்று பெயர்.

இந்த வசந்த காலத்தில் அவளுக்கு வேறு வேலை வந்தது. டெல்ஃப்டில் உள்ள ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் குறிப்புகளைத் தினமும் பூட்டி, ஹேக் நகரிலுள்ள சேமிப்புக் கிடங்கிற்கு அனுப்புகிறது. பத்தொன்பது கிலோமீட்டர். பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் பூட்டியதை அப்படியே இன்று நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதை உடைக்கும் கணினி வரும்வரை காத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் புதுவிதச் சாவி. ஒரே கேபிளில் பதினேழாம் இழை பூட்டிய குறிப்புகளைச் சுமக்கும். பதினெட்டாம் இழையில் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாகப் போகும். அந்தத் துகள்களிலிருந்து இரு முனையிலும் ஒரே சாவி உருவாகும்.

"நடுவுல யாராவது எட்டிப் பாத்தா, பாத்த உடனேயே துகள் கலைஞ்சிடும்," என்று விளக்கினான் மார்னிக்ஸ். அந்தத் திட்டத்தின் பொறியாளன், முப்பத்து நான்கு வயது, சைக்கிளில் வரும்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பான். "பிழை ஏறும். முனையில இருக்குற பெட்டி சாவி செய்றத நிறுத்திடும். குவாண்டம்னா அவ்வளவுதான் ரூலீன். பாக்குறத மறைக்க முடியாது."

அவள் அன்று மாலை அதை ஓட்டோவிடம் சொன்னாள். "இன்னைக்குத் திருடி வெச்சுக்கிட்டு இருவது வருஷம் கழிச்சுத் திறப்பாங்களாம்."

"இருவது வருஷம் கழிச்சு என் மூலவியாதி யாருக்கு வேணும்?"

"உனக்குப் பூட்டு வேண்டாம். முப்பது வயசுல மனநல டாக்டரைப் பாத்த பொண்ணு அம்பது வயசுல மேயருக்கு நிப்பா இல்ல? அவளுக்கு வேணும்."

ஓட்டோ சிறிது நேரம் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான். "அப்ப சரி," என்றான்.

பதினெட்டாம் இழையில் இருபத்திரண்டு ஒட்டுகள். எல்லாம் அவள் போட்டவை. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எவ்வளவு வீணாகிறது என்று அளந்து எழுதினாள். அவள் வாழ்க்கையிலேயே நல்ல எண்கள் அவை. ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்துப் போட்டதால் பணிமனையில் யாரிடமும் பாதையைச் சொல்லவில்லை. அவர்கள் அதற்குப் பேய் லைன் என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் அவள் பணிமனைக்குப் போகும்போது ஹார்மென் கேட்பான்: "என்ன மகாராணி, பேய்க்குச் சாப்பாடு போட்டாச்சா?"

சோதனைக் காலம் அக்டோபர் முப்பது வரை. வெற்றி பெற்றால் இன்னும் மூன்று இழைகள் போடுவார்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரூலீனுக்கு. குழிக்குள் இறங்குவது மாதத்துக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் நாற்காலி. அவளுடைய முழங்கால்கள் இதை அவளுக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிட்டன. தோற்றால் பழைய குழிகள்.

சோதனையின் நிபந்தனை ஒன்றே ஒன்று. காரணம் தெரியாத நிறுத்தம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அக்டோபர் இரண்டாம் தேதி, வியாழன், காலை பத்து இருபதுக்கு முதல் நிறுத்தம். திரையில் பிழைக் கோடு செங்குத்தாக ஏறியது. பெட்டி நின்றது. நாற்பது நிமிடம் கழித்துத் தானாகவே கிளம்பியது. அடுத்த வியாழனும் அதே நேரம். பதினாறாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. மார்னிக்ஸ் பெருமூச்சு விட்டான். இருபத்து மூன்றாம் தேதி, பத்து இருபத்து நான்குக்கு, மறுபடி.

வெள்ளிக்கிழமை மார்னிக்ஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தான். சோதனையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளருக்கு அனுப்பவேண்டிய வரைவு. கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் படித்தாள். ஏழாம் குழியிலுள்ள ஒட்டுகள் தரக்குறைவாக இருக்கக்கூடும். செய்தவர்: ரூ. டைக்ஹௌஸ். வெளி நிறுவனம் ஒன்றைக் கொண்டு எல்லா ஒட்டுகளையும் மீண்டும் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.

"ஏன் ஏழாம் குழி?"

"அங்கதான் மூணு ஒட்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதனால..."

"அதனால சந்தேகமும் அங்க."

"திருடன்னு எழுதினா போலீஸ் வரும். தெரியலன்னு எழுதினா தோத்துடுவோம். ஒட்டுன்னு எழுதினா ஆறு மாசம் அவகாசம் கிடைக்கும். தப்பா எடுத்துக்காதீங்க ரூலீன்."

"எடுத்துக்குறேன்," என்றாள் அவள். "தப்பாத்தான் எடுத்துக்குறேன். எப்ப அனுப்பணும்?"

"புதன்கிழமைக்குள்ள. வியாழன் அவங்க நேர்ல வர்றாங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் தன் அளவுக் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஏழாம் குழி: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று. இதைவிடக் குறைக்க வேண்டுமென்றால் இழையை ஒட்டாமலேயே விட வேண்டும். குழி இருப்பது ரைஸ்வைக்கில், கால்வாயோரம், சைக்கிள் பாதைக்கு அடியில். டிராம் அதிர்வா என்று நேர அட்டவணையைப் பார்த்தாள். டிராம் எல்லா நாளும் ஓடுகிறது.

"என் மேல பழி போடாத," என்றான் ஓட்டோ. "நான் பதினாறாம் தேதியும் ஓட்டினேன்."

திங்கட்கிழமை பணிமனைக்குப் போனாள். போனதும் கழிப்பறை. அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் பிறந்தநாள் காலண்டர் தொங்கும். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். வருடம் கிடையாது, கிழமை கிடையாது, தேதியும் பெயரும் மட்டும். மறக்காமல் பார்க்கக்கூடிய இடம் வேறு ஏது? அக்டோபர் தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. பதினாறு: சைப்ராண்ட்.

சைப்ராண்ட் கிடங்குக் கணக்கைப் பார்க்கிறவன். பிறந்தநாள்காரன்தான் கேக் கொண்டுவர வேண்டும். பதினாறாம் தேதி அவன் மனைவி சுட்ட ஆப்பிள் கேக்கை எடுத்து வந்தான். பத்து மணிக் காப்பிக்கு வெளியே வேலையாக இருந்த எல்லா வண்டிகளும் பணிமனைக்குத் திரும்பியிருந்தன. அவளையும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பதினொன்றே கால்வரை யாரும் நகரவில்லை. பட்டை கொஞ்சம் அதிகம், ஆனாலும் அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

பதினாறாம் தேதி வியாழக்கிழமை.

அவள் எழுந்திருக்கவில்லை. ஒட்டு கெட்டுப்போயிருந்தால் பதினாறாம் தேதியும் கெட்டிருக்க வேண்டும். ஒட்டு கேக் சாப்பிட வராது. திருடனும் வர மாட்டான், அவனை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கேக் சாப்பிட வந்தது நம் ஆள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள குடித்தனம் நடத்துறாங்களா?" ஹார்மென் குரல்.

அவள் கதவைத் திறந்தாள். எதிர்ச்சுவரில் அவள் எழுதிய நான்கு வரிகள். கை வைக்கும் முன் கவ்வி வை. அவள் அங்கேயே நின்று அதை முதன்முறை பார்ப்பவள்போல வாசித்தாள்.

"உன் கையெழுத்து உனக்கே புரியலையா?" என்றான் ஹார்மென்.

"ஹார்மென், வியாழக்கிழமை உனக்கு எந்தப் பக்கம்?"

"ரைஸ்வைக். ஏன்?"

"சும்மா. என்ன வேலை அங்க?"

"கால்வாய் ஓரமா புது அடுக்குமாடி வருதில்ல, எம்பத்து நாலு வீடு. அதுக்கு ஒரு இழை தேடிக்கிட்டிருக்கேன். அதிர்ஷ்டம் பாரு, சைக்கிள் பாதைக் குழியில ஒண்ணு சும்மா கிடக்கு. வரைபடத்துலயும் காலின்னுதான் போட்டிருக்கு. ஆனா உன் சட்டம் இருக்கே. மூணு தடவை கவ்விப் பாத்துட்டேன், சுத்தமா இருட்டு. வர்ற வியாழன் நாலாவது. பாத்துட்டு வெட்டிட வேண்டியதுதான்."

"எந்த நம்பர்?"

"பதினெட்டு. இப்ப வழி விடுறியா, இல்ல நானும் உள்ள வந்துடட்டுமா?"

அவள் வழி விட்டாள். மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்காமல் வண்டியை எடுத்தாள். பாதி தூரம் போன பிறகு சிரிப்பு வந்தது. ஹார்மென் பதினாறாம் தேதி கேக் சாப்பிட வராமல் குழிக்குப் போயிருந்தால், நான்காவது முறை இருபத்து மூன்றாம் தேதியே முடிந்திருக்கும். இந்நேரம் பதினெட்டாம் இழை இரண்டு துண்டு.

அவள் சொன்னதை மார்னிக்ஸ் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் ஏழாம் குழிக்குப் போனாள். தூறல். மூடியைத் திறந்து, குழிக்கு மேல் சின்னக் கூடாரம் போட்டு, மண்டியிட்டாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வைத்தாள். மறுமுனையில் மார்னிக்ஸ் திரை முன்னால் இருந்தான்.

"பிழை எவ்வளவு?"

"ரெண்டு சதவீதம். அமைதியா இருக்கு."

அவள் பதினெட்டாம் இழையைக் கவ்வியில் வைத்தாள். விரலால் மெல்ல அழுத்தினாள். பச்சை விளக்கு எரியவில்லை. கவ்வியைப் பொறுத்தவரை அந்த இழையில் யாரும் இல்லை. ஒவ்வொன்றாக நடந்து போகும் துகள்களைப் பார்க்க அதற்குக் கண் போதாது.

"ஏறுது," என்றான் மார்னிக்ஸ். "அஞ்சு. ஒம்போது. பதினாலு. நின்னுடுச்சு! ரூலீன், நின்னுடுச்சு!"

தன் பெட்டி நின்றதற்கு ஒரு மனிதன் இவ்வளவு மகிழ்ந்து அவள் கேட்டதில்லை.

"வளைச்சா வெளிச்சம் வெளிய மட்டும் போகல," என்றாள். "நம்ம டார்ச் வெளிச்சம் உள்ளயும் போகுது. மத்த இழைக்கு அது கொசுக்கடி. இதுக்கு வெள்ளம்."

"சரி, அப்ப உங்க நண்பர்கிட்ட அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லிடுங்க. காரணம் சொல்லாம."

"காரணம் சொல்லாம சொன்னா அவன் கேக்க மாட்டான். எம்பத்து நாலு வீடு காத்துக்கிட்டிருக்கு. இழைமேல அடையாளச் சீட்டு கட்டணும், மார்னிக்ஸ். வரைபடத்துல ஏத்தணும். காலியில்லைன்னு."

மார்னிக்ஸ் குரலைத் தாழ்த்தினான். "இது ரகசிய இழை. சீட்டு கட்டினா திருடனுக்கு நாமளே வழி காட்டின மாதிரி."

"வரட்டுமே. பாத்தா தெரிஞ்சிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா..."

"பாக்குறத மறைக்க முடியாதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு நாம இத மறைச்சு வெச்சிருக்கோம்? உங்க இழையை நீங்களே நம்பல. அதான் விஷயம்."

"வெட்டிட்டான்னா?"

"ஹார்மெனே வெட்டப் போறான். இதுக்குத் திருடன் வேற வேணுமா?"

தூறல் கூடாரத்தில் விழும் சத்தம் கேட்டது. பாதையில் ஒரு பெண் சைக்கிளில் போனாள், முன்னால் பெட்டியில் இரண்டு குழந்தைகள், இரண்டும் மழைக்கோட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வழி இருக்கு," என்றான் மார்னிக்ஸ் தயங்கித் தயங்கி. "வியாழக்கிழமை பத்து மணிக்குப் பணிமனையில கேக் இருந்தா அவர் குழிக்குப் போக மாட்டார் இல்ல? அன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டா..."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நொடி அந்த வழி அவளுக்கும் பிடித்திருந்தது. நல்ல வழி. யாருக்கும் நஷ்டமில்லை. இழை ஓடும், மதிப்பீட்டாளர் திருப்தியாகப் போவார், நாற்காலி கிடைக்கும். ஆனால் மூன்று நிறுத்தங்களுக்குக் காரணம் தெரியாது என்றுதான் இருக்கும். அந்தத் தாளில் அவள் பெயர் அப்படியே கிடக்கும்.

"ஒவ்வொரு வியாழனும் நான் கேக் சுட முடியாது," என்றாள். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. நடந்தத எழுதுங்க. மொதல் வரியில என் சட்டத்தை எழுதுங்க. நான் எழுதின சட்டம்தான் உங்க பெட்டிய நிறுத்தினது. ஒட்டு இல்ல."

மார்னிக்ஸ் மாலைவரை யாரிடமெல்லாமோ பேசினான். ஐந்தரை மணிக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினான். ஹார்மெனிடம் சொல்லலாம். சீட்டு பற்றி வியாழன் அன்று மதிப்பீட்டாளரே முடிவு செய்வார்.

புதன்கிழமை ஹார்மென் தன் சீஸ் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். கடிக்க மறந்துவிட்டான்.

"அப்ப மூணு வாரமா நான்தான் திருடனா?"

"நீதான்."

"குழியில நான் கவ்வினா, டெல்ஃப்ட்ல ஒரு ஆளுக்கு வேர்க்குதா?"

"கழுத்துப்பட்டி நனையிற அளவுக்கு."

"என் பொண்டாட்டிகிட்ட சொல்லலாமா?"

"கூடாது."

"அய்யோ." அவன் இப்போது கடித்தான். "எம்பத்து நாலு வீட்டுக்கு நான் எங்க போவேன்? சரி, நான் என்ன செய்யணும், மகாராணி?"

"நாளைக்குப் பத்து இருபதுக்கு வழக்கம்போலக் குழிக்குப் போ. தொலைபேசி வரும். சொல்றதச் செய்."

வியாழக்கிழமை ஹேக்கிலிருந்து வந்த மதிப்பீட்டாளரின் பெயர் கொர்னீலியா. அறுபதை நெருங்கியவள். ரயிலிலும் பிறகு வாடகைச் சைக்கிளிலும் வந்ததால் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கொடுத்த துண்டை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மார்னிக்ஸ் புதிதாக எழுதிய இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தாள்.

"இந்தச் சட்டத்தை எழுதினது யாரு?"

"நான்," என்றாள் ரூலீன்.

"நல்ல சட்டம்."

"இந்த இழைக்கு இல்ல."

கொர்னீலியா திரையைப் பார்த்தாள். பிழை இரண்டு சதவீதம். பத்து பதினெட்டு. "குழியில ஆள் இருக்காரா? அவர் நம்பரைக் குடுங்க. நானே பேசுறேன்." தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போனாள். கதவு மூடிக்கொண்டது. ஒரு நிமிடம் கழித்து உள்ளே வந்தாள்.

"கவ்விட்டார்," என்றாள்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டு சதவீதம். இரண்டு. இரண்டு. மார்னிக்ஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். நாற்காலியை விட்டு எழுந்தான், உட்கார்ந்தான். பெட்டியின் பின்பக்கம் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். "சில சமயம் கொஞ்சம் தாமதமா..." என்று ஆரம்பித்தான்.

ரூலீன் தன் கைகளைப் பார்த்தாள். மடியில் இருந்தன. நடுங்கவில்லை.

"இல்ல," என்றாள். "அவர் கவ்வல."

"நான் சொன்னேனே, கவ்விட்டார்னு," என்றாள் கொர்னீலியா.

"நீங்க சொன்னீங்க. இழை சொல்லல. ஹார்மென் இப்ப கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இல்லைன்னா சிகரெட் பிடிக்கிறான்."

கொர்னீலியா தொலைபேசியை வாயருகே கொண்டுபோனாள். இணைப்பைத் துண்டிக்காமலேயே வைத்திருந்திருக்கிறாள். "ஹார்மென், என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"நீங்க கவ்வாதன்னு சொன்னீங்களேம்மா," என்றது குரல். "அதான் வாத்துக்கு ரொட்டி போட்டுக்கிட்டிருக்கேன்."

"இப்ப கவ்வுங்க."

கோடு ஏறியது. ஆறு. பதினொன்று. பெட்டி நின்றது. மார்னிக்ஸ் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தில் ஓடியது சிரிப்பா அழுகையா என்று ரூலீனால் சொல்ல முடியவில்லை.

கொர்னீலியா எழுதினாள். மூன்று நிறுத்தங்கள், காரணம் தெரிந்தவை. மூன்று முறையும் ஓர் ஆள் இழையைத் தொட்டிருக்கிறார், மூன்று முறையும் அது நிமிடம் பிசகாமல் சொல்லியிருக்கிறது. ஒட்டுகள் பற்றி ஏதும் குறையில்லை. எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "ஒட்டு அளவுகளைப் பாத்தேன். இதுக்கு மேல குறைக்க முடியுமா?"

"ஒட்டாமலே விட்டாத்தான் முடியும்."

"சீட்டு கட்டுங்க," என்றாள் கொர்னீலியா. "இன்னைக்கே. வரைபடத்துலயும் ஏத்துங்க. இவ்வளவு நல்லா மறைச்சு வெச்சதுதான் இதுல இருந்த ஒரே கோளாறு."

பிற்பகல் மழை விட்டது. ரூலீன் ஏழாம் குழியில் மண்டியிட்டுப் பதினெட்டாம் இழைக்கு மஞ்சள் சீட்டு கட்டினாள். மார்னிக்ஸ் ஒரு நீண்ட வாசகத்தை அனுப்பியிருந்தான். அதில் அவளுக்குத் தேவையான சொற்கள் இரண்டுதான் இருந்தன. அதை மட்டும் எழுதினாள். காலியில்லை. கவ்வாதே.

ஹார்மென் மேலே நின்று டார்ச் பிடித்தான். பிடித்தவன் சட்டென்று அணைத்தான். "இது உள்ள போயிடுமோ?"

"வளைக்காத வரைக்கும் போகாது. போடு, எனக்குக் கண்ணு தெரியல."

எழும்போது அவன் கைகொடுத்துத் தூக்கினான். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. "இனிமே மாசத்துக்கு ஒரு தடவைதான?" என்றான். "இந்தச் சங்கீதத்தைக் கேக்காம நாங்க என்ன பண்ணுவோம்?"

மறுநாள் அவள் சுவரிலிருந்த தாளை இறக்கி, உறையைக் கிழித்து, ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். நான்கு முறையும் இருட்டு என்றாலும், வெட்டும் முன் ஒருவரிடம் கேள். யாரிடம் என்று எழுத வேண்டியிருந்தது. தன் பெயரை எழுதினாள்.

நவம்பர் முழுக்க மழை. அவளுக்கு மார்னிக்ஸின் அறைக்குப் பக்கத்து அறை. நாற்காலி உயரம் கூட்டிக் குறைக்கக்கூடியது. இரண்டாவது இழைக்கான வரைபடம் மேசைமேல் விரிந்து கிடந்தது. ஒரு திங்கட்கிழமை பணிமனைக்குக் காப்பி குடிக்கப் போனாள். அப்படியே கழிப்பறைக்கும். யாரோ காலண்டரை மறுபடி அக்டோபர் தாளுக்கே திருப்பி வைத்திருந்தார்கள். பதினாறில் சைப்ராண்ட். முப்பதில் ஹார்மெனின் கோணல் எழுத்தில்: பேய் லைன்.

வெளியே வந்தபோது எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறந்தநாள்காரங்கதான் கேக் கொண்டு வரணும்," என்றான் ஹார்மென். "பேய் லைனுக்குக் கை கிடையாது. நடந்து வராது. நீதான் அதுக்கு எல்லாம். முறை என்னமோ அதத்தான் சொல்றேன்."

"அதுக்கு இன்னும் பதினொரு மாசம் இருக்கு."

"இந்த வருஷத்தது பாக்கி இருக்கே," என்றான் சைப்ராண்ட்.

அன்று மாலை அவள் டிராமில் வீடு திரும்பினாள். ஓட்டோ ஓட்டிய வண்டிதான் அது. கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது அவன் தன் அறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"நேரா வீட்டுக்குத்தான?"

"இல்ல. கடைக்குப் போகணும்," என்றாள் ரூலீன். "ஆப்பிள் வாங்கணும். பட்டை வீட்டுல இருக்கா?"

"இருக்கு. கொஞ்சமா போடு," என்றான் ஓட்டோ.